சூடு வைத்தது வீட்டு விஷயமா? ஓர் ஆரம்பப் பாடசாலை ஆசிரியைக்குப் பதில்

முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில் தரம் 4 படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரையும் ஆட்களையும் கண்டுபிடிக்க முடியாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். இது முதல் நியமனம். கிழமை நாட்களில் பாடசாலைக்குக் கிட்ட ஓர் அறையில் தங்கி, வெள்ளி பின்னேரம் பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிறார். வகுப்பில் இருபது பிள்ளைகள்கூட இல்லை. அவர்களில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இரண்டாம் தவணையிலிருந்து மாறிப்போய்விட்டான். திங்கட்கிழமைகளில் வருவதில்லை. வந்தாலும் மேசையில் தலையை வைத்துத் தூங்குகிறான். பாடசாலையில் கொடுக்கும் சாப்பாட்டில் பாதியைப் பொலித்தீன் பையில் சுற்றிப் புத்தகப் பைக்குள் வைக்கிறான். கேட்டால், பின்னேரத்துக்கு என்கிறான். தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். தகப்பன் வேறு குடும்பத்தோடு வேறு ஊரில். பையனும் தரம் 1இல் படிக்கும் தங்கச்சியும் அம்மம்மாவோடு இருக்கிறார்கள். அதே வீட்டில்தான் தாயின் தம்பியும் இருக்கிறார். கூலி வேலை, கசிப்புப் பழக்கம்.

ஒரு நாள் கணக்குப் பிழைவிட்டதற்காக "அடிமட்டத்தால் இரண்டு தட்டுத் தட்டப் போனேன்" என்று ஆசிரியை எழுதுகிறார். பையன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு மேசைக்குக் கீழே போய்விட்டான். அப்போதுதான் சட்டைக் கைக்கு மேலே இரண்டு சூட்டுக் காயங்களைக் கண்டிருக்கிறார். ஒன்று காய்ந்தது, மற்றது இன்னும் ஆறவில்லை. இடைவேளைக்குப் பிறகு தனியே கேட்டபோது, "மாமா கரண்டியைச் சூடாக்கி வைச்சவர். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ ரீச்சர், சொன்னா தங்கச்சிக்கும் வைப்பாராம்" என்றிருக்கிறான். சொல்ல மாட்டேன் என்று இவரும் சத்தியம் செய்துவிட்டார். போனில் படம் எடுத்து, நாலு ஆசிரியைகள் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்.

பிறகு அதிபரிடம் போயிருக்கிறார். அதிபர் சொன்னது: "இது வீட்டு விஷயம். சாட்சி இல்லாமல் எழுதினால் உங்களுக்குத்தான் வில்லங்கம். அந்தப் பொடியனும் பாவம், சண்டைக்குள்ளால வந்தவன். அம்மம்மாவைக் கூப்பிட்டுப் பேசுவம்." பொடியன் என்று அதிபர் சொன்னது மாமாவை. அந்த மாமாவின் நெருங்கிய சொந்தக்காரர் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கிறார் என்பதையும் கடிதம் சொல்கிறது. உடன் ஆசிரியை ஒருவரோ, "முறைப்பாடு செய்தால் இரண்டு பிள்ளைகளையும் பிடித்து இல்லத்தில் போட்டுவிடுவார்கள், அதைவிட இது பரவாயில்லை" என்கிறார்.

ஆசிரியையின் கேள்விகள் நாலு. எப்படி நிரூபிப்பது? அதிபரின் அனுமதி இல்லாமல் வெளியே சொல்லலாமா? என் பெயர் தெரியவருமா? பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்களா? தாய்க்கு வட்ஸ்அப்பில் அழைத்துச் சொல்லலாமா என்று கடிதத்தின் அடியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்.

*

அன்பான ஆசிரியைக்கு,

காயம் ஆறவில்லை என்பதையும் தங்கச்சியைப் பற்றிய மிரட்டலையும் வாசித்தவுடனே, அன்று செய்ய வேண்டியதைத் தனியே எழுதி அனுப்பிவிட்டேன். இந்தப் பதில் உங்களுக்கு மட்டுமல்ல. இதே இடத்தில் நின்றுகொண்டு கையைப் பிசையும் மற்ற ஆசிரியர்களுக்கும் சேர்த்துத்தான். கிளிநொச்சி, முல்லைத்தீவு நீதிமன்றங்களுக்கு வரும் சிறுவர் வழக்குகளைத் திரும்பிப் பார்த்தால், அனேகமாக எல்லாவற்றிலும் ஒரு ஆசிரியர் முதலே கவனித்திருப்பார். கவனிக்காததால் பிள்ளை மாட்டுப்படுவது குறைவு. கவனித்தவர் "நிச்சயமாகத் தெரியட்டும், பிறகு சொல்வோம்" என்று காத்திருந்ததால் மாட்டுப்படுவதுதான் அதிகம்.

நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை

உங்கள் கடிதம் முழுக்க ஒரு நினைப்பு ஓடுகிறது: சொல்வதென்றால் கையில் சான்று வேண்டும், சாட்சி வேண்டும், பிள்ளை மறுபடி தெளிவாகச் சொல்ல வேண்டும். அப்படி இல்லை. நியாயமான சந்தேகம் இருந்தால் போதும், சொல்லலாம். விசாரிப்பது பொலிஸாருடைய வேலை. காயத்தைப் பார்த்து அது எதனால் வந்தது, எத்தனை நாள் பழையது என்று சொல்வது சட்ட வைத்திய அதிகாரியின் வேலை. நாள் போகப்போகக் காயம் ஆறும், அவர் சொல்லக்கூடியதும் குறைந்துகொண்டே போகும். நீங்கள் சான்று தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இருக்கிற சான்று போய்விடுகிறது.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதையும் அதிபருக்குச் சொல்லலாம். 1995இல் தண்டனைச் சட்டக் கோவையில் சேர்க்கப்பட்ட 308அ பிரிவு சிறுவர் கொடுமையைத் தனிக் குற்றமாக்குகிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தன் பொறுப்பிலோ பராமரிப்பிலோ வைத்திருப்பவர், அந்தப் பிள்ளைக்கு வேதனையோ உடல்நலக் கேடோ வரக்கூடிய விதத்தில் வேண்டுமென்றே தாக்கினாலும், கொடுமைப்படுத்தினாலும், கவனியாமல் விட்டாலும், கைவிட்டாலும் குற்றம். தண்டனை இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத, பத்து ஆண்டுகளுக்கு மேற்படாத சிறை. இதை இணக்க சபைக்குக் கொண்டுபோய்ப் பேசித் தீர்க்கவும் முடியாது. ஆகவே சூடு வைத்தது வீட்டு விஷயம் இல்லை. சாப்பாடில்லாமல் விடுவதும் இதே பிரிவுக்குள் வரலாம். அந்தப் பொலித்தீன் பையை அதனால்தான் நான் சும்மா கடந்துபோகவில்லை.

இனி, எழுதுங்கள். ஒரு கொப்பி எடுத்து, எந்தத் திகதியில் என்ன கண்டீர்கள், பையன் என்ன சொன்னான் என்பதை அவன் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். "மாமா கரண்டியைச் சூடாக்கி வைச்சவர்" என்றால் அப்படியே. அதை "உடல் ரீதியான துன்புறுத்தலுக்கு உள்ளாக்கப்பட்டான்" என்று அழகுபடுத்த வேண்டாம். வராத நாட்களை வரவு இடாப்பைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஊகிப்பதைக் கண்டதோடு கலக்க வேண்டாம்.

அவனிடம் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டாம். எத்தனை தரம் வைத்தார், அம்மம்மா பார்த்துக்கொண்டிருந்தாரா, வேறு ஏதும் செய்தாரா என்று ஆசிரியை கேட்கக் கேட்க, பிள்ளை ஆசிரியைக்குப் பிடித்த பதிலைத் தேடத் தொடங்கும். பிறகு வழக்கில் எதிர்த் தரப்புச் சட்டத்தரணி எழும்பி, "இதெல்லாம் ரீச்சர் சொல்லிக் கொடுத்தது" என்பார். நானே அந்தப் பக்கத்துக்கு ஆஜராகியிருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன். பிள்ளையின் வாக்குமூலத்தை முறைப்படி ஒருதரம் காணொளியில் பதிவுசெய்து, அதை நீதிமன்றத்தில் சான்றாக முன்வைக்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் இடம்தருகிறது. அந்தப் பதிவுக்கு முன்பே நாலு பேர் துருவித் துருவிக் கேட்டிருந்தால் அதன் பெறுமதி குறைந்துவிடும்.

படத்தை அழிக்க வேண்டாம். எடுத்த திகதியோடு உங்கள் போனிலேயே இருக்கட்டும், விசாரிக்க வரும் உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். ஆனால் குழுவில் போட்டது சரியில்லை. மற்ற மூவரையும் ஒருவருக்கும் அனுப்பாமல் தங்கள் போனிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். ஒரு சின்ன ஊரில் ஒரு கையின் படம் போதும், அது யாருடைய கை என்று சனம் சொல்லிவிடும்.

செய்த சத்தியம்

சொல்ல மாட்டேன் என்று நீங்கள் சொன்னதை நினைத்து நித்திரை வரவில்லை என்கிறீர்கள். பயந்துபோன பிள்ளையைப் பார்த்தால் யாருக்கும் வாயில் முதலில் வருவது அதுதான். ஆனால் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் கூடாது. அவனுக்குத் தெரியாமல் மீறுவதுதான் தவறு. முதலே சொல்லிவிடுங்கள். அலங்காரம் வேண்டாம், அவனோடு கதைக்கிற மாதிரியே: "நீ எனக்குச் சொன்னது நல்ல காரியம். இது உன்ர பிழை இல்லை. நான் இதை எனக்குள்ளேயே வைச்சிருந்தா உன்னையும் தங்கச்சியையும் பாதுகாக்க ஏலாது. பிள்ளையளுக்கு உதவி செய்யிற ஆக்களுக்கு மட்டும் சொல்லப்போறன்." எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வேண்டாம். அது உங்கள் கையில் இல்லை. இதைச் சொல்ல நல்ல நேரம், உத்தியோகத்தர்கள் வருகிற நாள்தான். வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டு நீங்கள் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறிவிட்டால், சனியும் ஞாயிறும் அவன் அந்த வீட்டில் இந்தப் பாரத்தோடு இருக்க வேண்டும்.

அதிபர் வேண்டாம் என்றால்

உங்கள் அதிபரைக் கெட்டவர் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆளணி குறைந்த பாடசாலை, பிள்ளைகளை நகரத்துப் பாடசாலைக்கு மாற்றிவிடுவார்களோ என்ற பயம், சங்கத்தில் மாமாவின் ஆள். இவ்வளவும் அவர் தலையில் இருக்கிறது. மாமாவைப் பற்றி அவர் சொன்னதும் பொய் இல்லை. சண்டை முடிந்த 2009இல் அந்த ஆள் அனேகமாகச் சிறுவனாகத்தான் இருந்திருப்பார். அவர் எதையெல்லாம் பார்த்தாரோ, செட்டிகுளத்து இடம்பெயர்ந்தோர் முகாமில் எத்தனை மாதம் கிடந்தாரோ. அவருக்கும் சிகிச்சை தேவையாயிருக்கலாம், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் அதற்கு இடமும் இருக்கிறது. ஆனால் ஒருவருடைய காயத்துக்கு மருந்து இன்னொரு பிள்ளையின் கையில் சூடு வைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது இல்லையே. வன்னியில் இந்தப் "பாவம், சண்டைக்குள்ளால வந்தவன்" என்கிற பேச்சு எவ்வளவோ விஷயங்களை மூடி வைத்திருக்கிறது. இரக்கத்தில் சொல்லும் சொல்தான். ஆனால் அதற்கான விலையை, சண்டை முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

அம்மம்மாவைக் கூப்பிட்டுப் பேசும் யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. அம்மம்மா நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் அதே கூரையின் கீழ், அதே மகனின் உழைப்பிலும் அதே மகனுக்குப் பயந்தும் வாழ்கிறவர். பேசிவிட்டு வீட்டுக்குப் போனால் அன்றிரவே விஷயம் மாமாவுக்குத் தெரியும். அடுத்த கிழமை பையன் பாடசாலைக்கு வரமாட்டான், "வேறு ஊரில் சொந்தக்காரர் வீட்டில் நிற்கிறான்" என்று பதில் வரும். இப்படி முடிந்த கதைகள் இங்கே நிறைய. நீங்களும் அந்த வீட்டுக்குத் தனியே போய்ப் பார்க்க வேண்டாம்.

அனுமதி பற்றிய உங்கள் கேள்விக்கு நேரே வருகிறேன். ஒரு குற்றம் நடந்ததாக நம்பும் எவரும் பொலிஸாருக்கோ தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கோ அறிவிக்கலாம். அதற்கு அதிபரின் கையெழுத்துத் தேவையில்லை. அரச ஊழியர் வாய் திறக்கக்கூடாது என்று சொல்பவர்கள் தாபன விதிக்கோவையை அரைகுறையாக நினைவில் வைத்திருக்கிறார்கள். அது கட்டுப்படுத்துவது ஊடகங்களுக்குத் தகவல் கொடுப்பதை. ஆகவே பேஸ்புக்கில் எழுத வேண்டாம், பத்திரிகை நிருபரைக் கூப்பிட வேண்டாம். அந்த அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைப்பது வேறு விஷயம்.

ஆனாலும் அதிபரை விலக்கிவைத்துச் செய்ய வேண்டாம். கண்டதையும் கேட்டதையும் ஒரு பக்கக் கடிதமாக எழுதி, திகதி இட்டு அவரிடம் கொடுங்கள். பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துக் கேளுங்கள். வாயால் சொன்னபோது "வீட்டு விஷயம்" என்ற அதிபர்கள், எழுத்தில் வந்ததும் வலயக் கல்வி அலுவலகத்துக்குத் தாங்களே போன் எடுத்ததைக் கண்டிருக்கிறேன். மறுத்தாரென்றாலும் பாதகமில்லை, நீங்கள் சொன்னதற்கு அத்தாட்சி உங்கள் கையில் இருக்கும். உங்கள் பாடசாலையில் சிறுவர் பாதுகாப்புக் குழு இருக்கிறதா என்றும் கேளுங்கள். அனேக பாடசாலைகளில் அது கோப்புக்குள் ஒரு கூட்ட அறிக்கையாகவும் ஒரு குழுப் படமாகவும் மட்டும்தான் இருக்கும். இருந்தாலும் கேளுங்கள்.

யாரிடம் போவது

பிரதேச செயலகத்தில் பல உத்தியோகத்தர்கள் இருப்பதால் சனம் குழம்புகிறது. சுருக்கமாகச் சொன்னால்: 1929 என்பது 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலவச இலக்கம். இரவு பகல் எந்நேரமும் தமிழிலும் பேசலாம், பெயர் சொல்லாமலும் சொல்லலாம். அழைத்ததும் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் வீட்டு நிலைமையைப் பார்ப்பவர். நன்னடத்தை உத்தியோகத்தர் பிள்ளையின் பராமரிப்பைப் பற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பவர், அவருடைய சொல்லுக்கு நீதவான் மதிப்புக் கொடுப்பார். பொலிஸ் நிலையத்தில் சிறுவர் மற்றும் பெண்கள் பணியகம் இருக்கும். பிள்ளை அந்த நேரமே ஆபத்தில் என்றால் பொலிஸ் அவசர இலக்கமான 119.

ஆறாத காயத்துக்கு எல்லாவற்றுக்கும் முதல் வைத்தியசாலை. அங்கே பிள்ளையை வாட்டில் சேர்த்து, வைத்தியசாலைப் பொலிஸ் காவலரணுக்கு அறிவித்து, சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டுவார்கள். சில நாள் வாட்டில் இருப்பதே பிள்ளைக்கு ஒரு பாதுகாப்புத்தான். நீங்கள் தனியே பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகாமல், அதிபரோ உத்தியோகத்தரோ கூட வரட்டும்.

பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வட மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி. தமிழில் சொல்லவும், எழுதியதைத் தமிழில் வாசித்துக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத மொழியில் எழுதப்பட்டதற்குக் கையெழுத்து வைக்க வேண்டாம். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வரும்வரை இருக்கிறேன் என்று சொல்லுங்கள். எரிச்சல்படுவார்கள், பரவாயில்லை.

இல்லத்தில் போட்டுவிடுவார்களா

உங்கள் உடன் ஆசிரியையின் பயம் வெறும் கற்பனை இல்லை. இலங்கையில் சிறுவர் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். வறுமையாலும் தாய் வெளிநாடு போனதாலும் இல்லத்துக்கு வந்தவர்கள் அதிகம். ஆகவே "அப்படி நடக்கவே நடக்காது" என்று நான் உங்களுக்கு உறுதி தரப்போவதில்லை. ஆனால் முறைப்பாடு என்றால் இல்லம் என்று கணக்குப் போடுவது பிழை.

முதலாவது வழி, பிள்ளைகளை அல்ல, மாமாவை வீட்டிலிருந்து விலக்குவது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தைக் கணவன் மனைவிக்கு மட்டும் உரியது என்று அனேகமானோர் நினைக்கிறார்கள். தாயின் அல்லது தகப்பனின் சகோதரர்களும் அதில் அடங்குவர். பிள்ளையின் சார்பில், அவனோடு வாழும் ஒருவர், அதாவது அம்மம்மாவே, நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை எழுத்தில் அதிகாரம் கொடுத்த ஒருவரும் கேட்கலாம். இடைக்காலக் கட்டளை கிடைத்தால் மாமா அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்றே தடைவிதிக்க முடியும். கட்டணம் கட்டிச் சட்டத்தரணி வைக்க வசதி இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் கேட்கட்டும்.

இரண்டாவது, அம்மம்மாவால் முடியாது என்றால், வேறு ஒரு சொந்தக்காரரிடம் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்தே ஒப்படைப்பது. சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பொருத்தமான ஒருவரின் பராமரிப்பில் பிள்ளையைவிட நீதவானுக்கு அதிகாரம் உண்டு. பெரியம்மா, சித்தி, தாய்வழி மாமி என்று பொறுப்பான யாரும் அயலூரில் இருக்கிறார்களா என்பதைச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். பிள்ளைகளின் சொந்தக்காரர்களைப் பற்றி வகுப்பாசிரியைக்குத் தெரிந்த அளவு அலுவலகத்தில் இருப்பவருக்குத் தெரியாது. அண்ணனையும் தங்கச்சியையும் பிரிக்க வேண்டாம் என்பதை உங்கள் கடிதத்திலேயே எழுதுங்கள். 2019இல் வந்த மாற்றுப் பராமரிப்புக்கான தேசியக் கொள்கையும் இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறது. கொள்கை வேறு, நடைமுறை வேறு என்று நீங்கள் முணுமுணுப்பது விளங்குகிறது. அதனால்தான் எழுதச் சொல்கிறேன்.

மூன்றாவதுதான் இல்லம். அது சில நாட்களுக்கான ஏற்பாடாகவும் இருக்கலாம்.

அந்த அடிமட்டம்

இதை எழுதாமல் விட்டால் உங்களுக்கு நான் உண்மையாக இருக்கவில்லை என்று ஆகும். பையன் மேசைக்குக் கீழே போனது மாமாவைக் கண்டு இல்லை, உங்கள் கையிலிருந்த அடிமட்டத்தைக் கண்டு. நீங்கள் அதை ஒரு தகவலாக மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். "இரண்டு தட்டு" என்பது இங்கே அடி என்ற கணக்கிலேயே வருவதில்லை என்று எனக்குத் தெரியும். பெற்றோரே "கண்ணை மட்டும் விட்டிட்டு அடியுங்கோ ரீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போகிற ஊர்கள் இவை.

ஆனால் கல்வி அமைச்சின் 2005/17ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனையைத் தடைசெய்தது. 12/2016ஆம் இலக்கச் சுற்றறிக்கை அதை மீண்டும் வலியுறுத்தியது. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம், மாணவன் ஒருவனின் காதில் அறைந்து கேட்கும் திறனைப் பாதித்த ஆசிரியர், கொடூரமான, இழிவான நடத்தையைத் தடைசெய்யும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறினார் என்று தீர்ப்பளித்து இழப்பீடும் கட்டளையிட்டது. 308அ பிரிவு சொல்லும் "பொறுப்பிலோ பராமரிப்பிலோ வைத்திருப்பவர்" என்பதற்குள் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரும் வரலாம்.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. அடிக்கிற ஆளிடம் அடியைப் பற்றிச் சொல்ல பிள்ளைக்கு வாய் வராது. உங்களுக்கு இவன் சொன்னது நீங்கள் பிறகு தனியே இருந்து மெதுவாகக் கேட்டதால்தான். உங்கள் வகுப்பில் இன்னும் சொல்லாமல் இருக்கிற பிள்ளை யார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வாக்குமூலம் கொடுக்கும்போது அடிமட்ட விஷயத்தை மறைக்க வேண்டாம், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பிறகு வேறு யாரோ சொல்லி வெளியே வந்தால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் அது பழுதாக்கிவிடும்.

உங்கள் பெயரும் இடமாற்றமும்

1929க்குப் பெயர் சொல்லாமல் பேசலாம் என்றேன். ஆனால் வழக்கு என்று வந்தால், பிள்ளை முதலில் சொன்னது உங்களிடம் என்பதால் நீங்கள் சாட்சியாக வர வேண்டியிருக்கும். ஊரும் ஊகித்துவிடும். முறைப்பாடு செய்தவரையும் சாட்சியையும் மிரட்டுவதே தனிக் குற்றம். குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதற்காகத்தான். யாராவது வந்து "ரீச்சர், நீங்கள் வெளியூர், ஏன் இதுக்குள்ள" என்று தொடங்கினால், சொன்னவர் பெயரையும் நேரத்தையும் அதே கொப்பியில் எழுதி, விசாரிக்கும் உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள். சில மாதங்களுக்கு மற்ற ஆசிரியைகளோடு சேர்ந்து தங்குவது நல்லது. பழிவாங்கும் இடமாற்றம் வந்தால் மேன்முறையீடு செய்யலாம், வவுனியாவில் உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்திலும் முறையிடலாம். ஆனால் அதை நடந்து ஒரு மாதத்துக்குள் செய்துவிடுங்கள். அந்தக் காலம் கடந்தால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடும் வழி அடைபட்டுவிடும்.

தாய்க்குச் சொல்வது

கடிதத்தின் அடியில் நீங்கள் கேட்ட கேள்வி இது. தாய்க்குக் கட்டாயம் தெரிய வேண்டும். பிள்ளைகளின் பொறுப்பு அவருக்கும் உரியது, பிள்ளைகள் யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் அவருடைய விருப்பத்தை நீதிமன்றம் கேட்கும். ஆனால் நீங்கள் முதலில் அழைக்க வேண்டாம். குவைத்தில் இருக்கும் ஒரு தாய் இதைக் கேட்ட மறுநிமிடம் செய்யக்கூடியது, தம்பிக்குப் போன் எடுத்துக் கத்துவதுதான். அது மாமாவுக்கு முன்னறிவித்தல் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பிள்ளைகள் பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகு உத்தியோகத்தர் சொல்லட்டும். பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பைக் கவனிக்கும் உத்தியோகத்தரும் இருப்பார், தாயின் ஒப்பந்த விவரம், அவர் இடையில் திரும்பி வர வழி உண்டா என்பதை அவர் மூலம் பார்க்கலாம். அதற்குப் பிறகு நீங்கள் பேசுங்கள். பையன் சாப்பாட்டை மிச்சம் பிடிப்பதை மட்டுமல்ல, அவன் எந்தப் பாடத்தில் கெட்டி என்பதையும் அந்தத் தாய் உங்கள் வாயால் கேட்க விரும்புவார்.

தங்கச்சியின் தரம் 1 ஆசிரியைக்கு மட்டும் விஷயத்தைச் சொல்லி, அந்தப் பிள்ளையைக் கவனிக்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்க வேண்டாம், பார்த்து எழுதினால் போதும்.

முறைப்பாடு செய்து ஒரு கிழமைக்குள் யாரும் வந்து பார்க்கவில்லை என்றால், அதே முறைப்பாட்டு இலக்கத்தைச் சொல்லி மறுபடி 1929க்கு அழையுங்கள். வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் பிரதேச செயலாளருக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள், அதிபருக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதியையும் இணையுங்கள். இதற்கிடையில் புதுக் காயம் கண்டாலோ, பையன் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டாலோ ஒரு கிழமை காத்திருக்க வேண்டாம், அன்றே பொலிஸுக்குச் சொல்லுங்கள்.